ஒன்றுமில்லாத வளை

கடவுளுக்குப் பிறகு ஓர் உயிரினத்தைப் படைத்தவன் நான்தான். இதில் மிகை எதுவும் இல்லை. மற்றவர்கள் நெல்லில் புது ரகம் கண்டிருக்கிறார்கள், மாட்டில் கலப்பினம் செய்திருக்கிறார்கள். அதெல்லாம் இருந்ததை வைத்துச் செய்தது. நான் படைத்தது இல்லாத ஒன்று. அது உலகப் பட்டியலில் இருபத்து மூன்று நாள் இருந்தது. நான்கு கண்டங்களிலிருந்து அதற்கு வாழ்த்து வந்தது. அதற்காக ஒரு காயலையே பூட்டினார்கள். பெயர், ஏழ்புள்ளி நண்டு. சேர்மானம்: கறிக்கு ஆகாத கருநண்டு ஒன்று, என் தங்கையின் ஊதா நகப்பூச்சு, வெள்ளி நகப்பூச்சில் ஏழு சொட்டு.

கடற்கரைகள் தாமாகவே பூட்டிக்கொள்ளத் தொடங்கி அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. எங்கள் கல்லூரிக்குப் பின்னால் கோரைக்கழி என்று ஒரு காயல். அலையாத்தி மரங்கள், முழங்கால் அளவு சேறு, அதில் குப்புறப் படுத்துக் கிடக்கும் எங்கள் விலங்கியல் துறை. வருடத்துக்கு ஒரு முறை உலக நண்டு வாரம் வரும். அந்த ஏழு நாளும் நூற்றுப் பத்து நாடுகளில் தொண்டர்கள் கரைக்குப் போய், கண்ணில் பட்ட நண்டையெல்லாம் படம் எடுத்துக் கரையேடு என்ற செயலியில் ஏற்றுவார்கள். கூலி கிடையாது. மதியச் சாப்பாடு கூடக் கிடையாது.

நான் தமிழ் இலக்கியம், இரண்டாம் ஆண்டு. கேன்டீன் சுவரில் ‘காராசேவு’ என்ற கைப்பிரதியை வாரம்தோறும் ஒட்டி வந்தேன். ஆசிரியர், நிருபர், பசை தடவுபவர் மூவரும் நானே. நண்டு வாரத்துக்கு ஒரு சிறப்பிதழ் போட்டேன். சாமிக்கு முன்னால் மண்டியிட வெட்கப்படும் தலைமுறை நண்டுக்கு முன்னால் சாஷ்டாங்கமாக விழுகிறது என்றும், நண்டு இதுவரை யாருக்கும் வரம் கொடுத்ததாகத் தகவல் இல்லை என்றும் அதில் எழுதியிருந்தேன். கீழே ஒரு படம். ஒரு நண்டு நின்றுகொண்டிருக்கிறது, ஆறு மாணவர்கள் அதன் காலடியில் கிடக்கிறார்கள்.

நஸ்ரின் அதை முழுவதும் படித்தாள். விலங்கியல் மூன்றாம் ஆண்டு. எங்கள் கரைக்கு நண்டு வாரப் பொறுப்பாளர் அவள்தான். முழங்கை வரை சேறு காய்ந்திருந்தது. படித்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்து என் டீயை எடுத்துக் குடித்தாள்.

“நீ சிரிடா. போன வருஷம் பக்கத்துக் கழியில இறால் பண்ணை வர வேண்டியது. வரல. ஏன் தெரியுமா?”

இறாலுக்கு ஊர் பிடிக்கவில்லையா என்று கேட்டேன்.

“ஸ்கூல் வாத்தியார் ஒருத்தர் எடுத்த ஒரே ஒரு போட்டோ. உலகத்துலயே அஞ்சு இடத்துலதான் இருக்கு அந்த நண்டு. அஞ்சு இடத்துக்கு மேல இல்லாட்டியும் சரி, புது இனமா இருந்தாலும் சரி, கரையேடே அந்த இடத்தைப் பூட்டிடும். கோர்ட்டு இல்ல, மனு இல்ல. லஞ்சம் கொடுக்கணும்னாக்கூட ஆள் இல்ல. அதான் அதோட அழகு.”

பொய்யாக ஒரு நண்டைப் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். முடியாது என்றாள். கம்ப்யூட்டரில் செய்த படத்தை அரை நொடியில் பிடித்துவிடுமாம். அதைத் தாண்டினாலும் வெளிநாட்டுத் தொண்டர்கள் இரண்டு பேர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டுமாம்.

முடியாது என்று அவள் சொன்ன ஒரு சொல்தான் கோரைக்கழியைப் பூட்டியது. இதைப் பிற்பாடு அவளிடமே சொன்னேன். அவள் அதை ஒரு வாதமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

கருநண்டைக் கொடுத்தது சுகந்தி அக்கா. கோரைக்கழியின் வடக்கு மூலைச் சேற்றில் இரும்புக் கொக்கி போட்டு வளையிலிருந்து பச்சை நண்டு பிடிப்பவர். அந்தக் கழியில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துண்டுச் சேறு. அடுத்த வீட்டுச் சேற்றில் கொக்கியை விடமாட்டார்கள், பசித்தாலும் விடமாட்டார்கள். எடுத்த வளையில் ஒரு குச்சியை நட்டுவிட்டு அடுத்த வளைக்குப் போவார்கள். குச்சியைப் பார்த்தால் அங்கே இன்னொரு முறை கையை விட வேண்டியதில்லை. சுகந்தி அக்காவின் கூடையில் சின்னக் கருநண்டு ஒன்று தானாக ஏறி உட்கார்ந்திருந்தது. கேட்டேன், கொடுத்தார். எதற்கு என்று கேட்டார். படிப்புக்கு என்றேன். நல்லா படிங்க தம்பி என்றார்.

கம்ப்யூட்டர் செய்த படத்தைக் கரையேடு பிடித்துவிடும். நகப்பூச்சைப் பிடிக்க அதற்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. ஊதா ஓட்டில் ஏழு வெள்ளிப் புள்ளி காய்ந்ததும் நண்டை ஒரு வேரின்மேல் விட்டேன். அது என்னை ஒரு மாதிரி பார்த்தது. எடுத்தேன், ஏற்றினேன்.

அன்று சாயங்காலத்துக்குள் மொசாம்பிக்கிலிருந்து செலஸ்தினா என்ற நர்ஸ் ஒப்புக்கொண்டார். இரவுப் பணி முடித்துவிட்டு வந்து பார்த்ததாகவும், களைப்பே போய்விட்டது என்றும் எழுதியிருந்தார். மறுநாள் காலை ஜப்பானில் கியூஷூ தீவிலிருந்து மொரிதா ஒப்புக்கொண்டார். முப்பத்தெட்டு வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். செயலி அவருடைய ஜப்பானியத்தைத் தமிழாக்கித் தந்தது: “மதிப்பிற்குரியவரே, தங்கள் நண்டு அழகுடையது. நான் அதை மூன்று முறை நோக்கினேன். தாங்கள் அதிர்ஷ்டம் உள்ளவர்.” அதன்பின் சிலியிலிருந்து, நார்வேயிலிருந்து, பெயர் வாசிக்க வராத இரண்டு தீவுகளிலிருந்து வாழ்த்துகள். ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஏழ்புள்ளி நண்டைக் களிமண்ணில் செய்து படம் அனுப்பியிருந்தார்கள். அடுத்த ‘காராசேவு’க்கு இதைவிட நல்ல விஷயம் கிடைக்காது என்று தலைப்பைக்கூட யோசித்துவிட்டேன்.

மூன்றாம் நாள் கோரைக்கழியின் வடக்கு மூலையில் கரையேட்டின் எல்லை மிதவைகள் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறின. பூட்டு எங்கே விழும் என்று நான் யோசிக்கவே இல்லை. நண்டு எந்தச் சேற்றிலிருந்து வந்ததோ அந்தச் சேற்றில்தான் விழும்.

ஐந்தாம் நாள் சுகந்தி அக்கா கல்லூரி வாசலுக்கு வந்தார். கூடையில், பூட்டு விழுவதற்கு முன் பிடித்து வைக்கோல் கயிறு கட்டிய பச்சை நண்டுகள் ஒன்பது. ஏலக்கூடத் தராசு இரண்டு நாளாக அவர் நண்டை ஏற்கவில்லையாம். அது எடையை மட்டும் பார்ப்பதில்லை. நண்டின்மேல் ஒட்டியிருக்கும் சேற்றை மோந்து, எந்தக் கழி, எந்த மூலை என்று சொல்லிவிடும். பூட்டிய மூலை என்றால் சிவப்பு விளக்கு எரியும். அவ்வளவுதான். கழுவிக்கொண்டு போய்ப் பார்த்தார். ஓட்டின் இடுக்கில் இருந்த சேற்றை மோந்தது. பக்கத்து வீட்டார் தங்கள் சேற்றில் இறங்கச் சொல்லிக் கூப்பிட்டும் இவர் போகவில்லை. அது அவர்கள் சேறு.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, தன் போனில் யாரோ அனுப்பிய ஏழ்புள்ளி நண்டின் படத்தை என்னிடம் நீட்டினார்.

“இது என்ன நண்டு தம்பி?”

புது இனம் என்றேன்.

“எடப்பக்கம் மூணாவது கால் இல்ல பாருங்க.”

பார்த்தேன். இல்லை.

“என் கூடையில மாட்டி ஒடஞ்ச கால். நாந்தான் உங்க கையில குடுத்தேன். பூசி விட்டீங்களாக்கும்.” அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் வாட்ச்மேன் வந்திருப்பார், எனக்கும் வசதியாக இருந்திருக்கும். “நல்லாத்தான் பூசியிருக்கீங்க. எங்க வூட்டுப் பொண்ணுக்குக்கூட இவ்ளோ நேரா வராது. இப்ப இத எப்படி அழிக்கிறது?”

அழித்துவிடுகிறேன் அக்கா, இன்றைக்கே, என்றேன். நகப்பூச்சு அழிப்பது மாதிரிதான் இதுவும் என்று நினைத்துச் சொன்னது அது.

பதிவைத் திரும்பப் பெறுகிறேன் என்று அழுத்தினேன். கரையேடு மறுத்தது. பொய் என்று எழுதினேன். மறுத்தது. நகப்பூச்சுப் பாட்டிலைப் படம் எடுத்து அனுப்பினேன். தங்கள் பாதுகாப்பில் எங்களுக்கு அக்கறை உண்டு, தங்களை யாராவது மிரட்டுகிறார்களா என்று கேட்டது.

மூன்று நாள் இப்படிப் போனபின் நஸ்ரினிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தன் வாழ்நாளில் பெருமைப்பட்ட முதல் விஷயம் அந்த ஏழு புள்ளி. துறைச் சுவரில் அதைப் பெரிதாக அச்சிட்டு மாட்டியிருந்தாள். எழுந்து போய் அதைக் கழற்றி, நான்காக மடித்து, என் கையில் கொடுத்தாள்.

“எடுத்தவனே வந்து பொய்னு சொன்னா அது நம்பாது,” என்றாள் பிறகு. “இறால் பண்ணைக்காரன் என்ன செஞ்சான் தெரியுமா? அந்த வாத்தியார் வீட்டுக்குப் போயி, பொய்னு எழுதிக்குடுன்னு உட்கார்ந்தான். அதுலேர்ந்து இந்த ரூல். நீ செஞ்ச கூத்துக்கு அது எழுதப்படல, ஆனா நீதான் மாட்டியிருக்க.”

வேறு வழி என்ன என்று கேட்டேன்.

“இல்லைனு நிரூபிக்கணும். அதே இடத்துல, தொடர்ந்து பதினாலு நாள், தண்ணி வத்துற நேரம் முழுக்க. ஒவ்வொரு வளையையும் பாக்கணும். அதுல இருக்கிற ஒவ்வொரு நண்டையும் எடுத்து ஏத்தணும். ஒண்ணு விட்டாலும் செல்லாது. முன்னாடி ஒத்துக்கிட்ட ரெண்டு பேரும் பதினாலு நாள் படத்தையும் பார்த்து, ஏழு புள்ளி எங்கயும் இல்லைனு சொல்லணும்.” எழுந்து போகும்போது திரும்பிப் பார்த்தாள். “குப்புறப் படுக்கணும்டா மகிழா. பழகிக்கோ.”

முதல் நாள் நான் படுக்கவில்லை. கொள்கை. சேற்றில் நின்றபடி போனை நீட்டி ஒரு மணி நேரம் எடுத்ததில் நூற்று அறுபது ஓட்டைகள் கிடைத்தன, நண்டு ஒன்றுகூட இல்லை. இரண்டாம் நாள் உட்கார்ந்து பார்த்தேன். பூட்டிய சேற்றில் கொக்கி இல்லாமல் நடக்க யாருக்கும் தடையில்லை. சுகந்தி அக்கா தன் பகுதியைத் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போவார். மூன்றாம் நாள் வேரில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

“நெழலு விழுது தம்பி. நெழலு விழுந்தா கொக்கு வந்துருச்சுன்னு உள்ளயே கெடக்கும். அந்தப் புள்ளைங்க எல்லாம் சும்மாவா படுத்துக் கெடக்குதுங்க?”

படுத்தேன். சேறு சட்டைக்குள் வந்தது. நான்கு நிமிடம் கழித்து என் மூக்குக்கு ஒரு முழம் தள்ளி ஒரு வளையிலிருந்து இரண்டு கண் காம்புகள் எழுந்தன, பின் ஒரு நண்டு. ஒரு கை மட்டும் உடம்பளவு பெரிது. வெளியே வந்து அந்தக் கையை மேலே தூக்கித் தூக்கிக் காட்டியது. பக்கத்து வளையிலிருந்து இன்னொன்று வந்து பதிலுக்குத் தூக்கியது. ஐந்து நிமிடத்தில் என்னைச் சுற்றி நாற்பது, ஐம்பது. யாரையோ வழியனுப்புவது மாதிரி கையாட்டிக்கொண்டிருந்தன. எடுத்து ஏற்றினேன். மொசாம்பிக்கிலிருந்து செலஸ்தினா தன் ஊர்ச் சேற்றின் படம் ஒன்றை அனுப்பினார். அங்கேயும் அதே ஒற்றைக்கை, ஆனால் சிவப்பு. அங்கேயும் ஆட்டிக்கொண்டுதான் இருந்தன.

அதன்பின் எனக்குத் தெரியாமலே ஒரு பழக்கம் வந்துவிட்டது. என் கணக்கை ஏற்றியதும், நண்டு வாரம் முடிந்தும் விடாத மற்றவர்கள் அன்று என்ன போட்டார்கள் என்று பார்ப்பேன். முதுகில் கடற்பஞ்சைச் சுமந்துகொண்டு பாறை மாதிரி நடிக்கும் நண்டு. இரண்டு கையிலும் கொட்டும் கடற்சாமந்தியைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு நிற்கும் நண்டு. சிப்பிக்குள்ளேயே குடியிருந்து காலம் தள்ளும், பட்டாணி அளவு நண்டு. தென்னையில் ஏறும் நண்டு. இவற்றைப் பார்க்கையில் ஊதா ஓட்டில் ஏழு புள்ளி வைத்தது கொஞ்சம் கற்பனை வறட்சி என்று பட்டது.

எட்டு நாளில் பதினோரு இனம் எடுத்திருந்தேன். ஒன்றிலும் ஏழு புள்ளி இல்லை. நஸ்ரின் என் பட்டியலைப் பார்த்து இரண்டு பெயரைத் திருத்திவிட்டு, பரவால்ல என்றாள். எட்டு நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

ஒன்பதாம் நாள், மூலையின் கடைசியில், ஒரு பெரிய அலையாத்தியின் வேருக்குள் ஒரு வளையைப் பார்த்தேன். வாசலில் குச்சி. ஆனால் இந்தக் குச்சியில் ஒரு பழைய சிவப்புத் துணி முடிந்திருந்தது. மற்ற குச்சிகளில் துணி இல்லை. படுத்தேன். போனை எதிரே பிடித்தேன், இன்னும் அழுத்தவில்லை.

அது வெளியே வந்தது. உள்ளங்கையில் பாதி அளவு. ஈரச் சிலேட்டு நிறம், கால்கள் வெளிறிய நீலம். வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு நடக்க ஆரம்பித்தது. நேராக நடந்தது. பக்கவாட்டில் இல்லை. மாடு நடப்பது மாதிரி, முன்னால். பதினோரு இனமும் பக்கவாட்டில் ஓடிய சேற்றில் இது மட்டும் நேராக என் மூக்கை நோக்கி வந்தது. போனின் மேல் மூலையில் கரையேடு காட்டியது: பொருத்தம் இல்லை. உலகப் பட்டியலில் இதற்கு ஈடான பதிவு இல்லை.

கட்டைவிரல் பொத்தான்மேல் இருந்தது. பூசியது இல்லை, என்னுடையது இல்லை, நிஜம். நஸ்ரினுக்குச் சுவரில் மாட்ட ஒன்று கிடைக்கும். மொரிதா மூன்று முறை நோக்குவார். வடக்கு மூலைக்கு இன்னொரு பூட்டு விழும், இந்த முறை திறக்க வழியே இல்லாமல்.

சுகந்தி அக்கா பின்னால் வந்து நின்றிருந்தார்.

“இது எப்பலேர்ந்து இருக்கு அக்கா?”

“நான் கொக்கி எடுத்த நாள்லேர்ந்து. மொதல் நாளே கொக்கிக்குக் குறுக்க வந்துச்சு. இப்படி நேரா நடக்குறத எப்படிக் குத்துறது? குச்சி நட்டேன், துணி கட்டுனேன். எங்காளுங்க யாரும் அதுல கைய விடமாட்டாங்க.”

“யார்கிட்டயும் சொல்லலியா?”

“யாரு கேட்டா?”

நண்டு என் போனுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. வாயில் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

“போடுறதுன்னா போடுங்க தம்பி,” என்றார். “போட்டா பொழப்பத் தேடி நான் வெளியூரு. இந்தத் துணி ஆறு மாசத்துல மக்கிரும். மழையில குச்சி சாஞ்சிரும். அப்புறம் யாரு வந்து நட்டு வப்பா, அந்தத் தராசா?”

நான் எழுந்தேன். சூரியன் முதுகுப்பக்கம் இருந்தது. என் நிழல் வளைமேல் முழுக்க விழுந்தது. நண்டு திரும்பி, நேராகவே நடந்து, உள்ளே போனது. அதன்பிறகுதான் பொத்தானை அழுத்தினேன். வளையை ஒன்பது நிமிடம் எடுத்தேன். நகரவில்லை. உள்ளேயிருந்து எதுவும் வரவில்லை. குறிப்பில் எழுதினேன்: வளை எண் இருநூற்று ஆறு, ஒன்றுமில்லை.

இல்லாத நண்டை இருக்கிறது என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதுமாயிருந்தது. இந்த ஒரு சொல்லை அனுப்பக் கரை ஏறும்வரை ஆனது.

பதினான்காம் நாள் முடிந்தது. செலஸ்தினா அன்றே இல்லை என்று ஒப்புக்கொண்டார். என்னைக் கொஞ்சம் திட்டியும் இருந்தார், தாய்மொழியில். செயலி அந்த வரியை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. மொரிதா ஒரு நாள் முழுக்கப் பதில் சொல்லவில்லை. சுகந்தி அக்கா பூட்டிய நாளிலிருந்து கொக்கியைச் சேற்றில் வைக்கவில்லை. அன்றும் வந்து வேரில் உட்கார்ந்து என்னாச்சு என்று கேட்டார். ஜப்பான்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றேன். நல்லாப் பாக்குறவரா என்று கேட்டார். அதுதான் அக்கா பயமாயிருக்கு என்றேன்.

மறுநாள் காலை மிதவைகள் பச்சைக்கு வந்தன. போனில் மொரிதாவின் கடிதம் இருந்தது.

“மதிப்பிற்குரியவரே, தங்கள் பதினான்கு நாள் படங்களையும் நோக்கினேன். ஏழு புள்ளி எதிலும் இல்லை. ஒப்புதல் அளித்துவிட்டேன். ஒன்பதாம் நாள் தாங்கள் வளை இருநூற்று ஆறை ஒன்பது நிமிடம் நின்றபடி எடுத்துள்ளீர்கள். தங்கள் நிழல் அதன்மேல் விழுகின்றது. நிழல் விழுந்தால் நண்டு வெளிவராது என்பதைத் தாங்கள் மூன்றாம் நாளே அறிந்துகொண்டு, அதன்பின் எங்கும் நின்று எடுத்தீர்கள் இல்லை. குச்சியில் துணி கட்டப்பட்டுள்ளது. இது குறித்து நீண்ட நேரம் சிந்தித்தேன். வளையில் ஒன்றுமில்லை என்று உறுதி செய்கின்றேன். என் ஊர்க் கரையிலும் ஒன்றுமில்லாத வளை ஒன்று உள்ளது. பன்னிரண்டு ஆண்டுகளாகக் காலைதோறும் சென்று பார்த்து வருகின்றேன். உடல்நலம் பேணவும்.”

அதை இரண்டு முறை படித்தேன். நஸ்ரினிடம் காட்டவும் இல்லை. அந்த வாரம் ‘காராசேவு’ வரவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேன்டீன்காரர் விசாரித்தார்.

தண்ணீர் வற்றும் நேரம் மூன்றரைக்கு. எண்ணும் வேலை முடிந்திருந்தது, போக வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. போனைக் கரையில் செருப்புக்கு அடியில் வைத்துவிட்டு, வடக்கு மூலைக்குப் போய், சிவப்புத் துணிக்கு எதிரே குப்புறப் படுத்தேன். பதினைந்து நிமிடம் ஆனது. கண் காம்புகள் இரண்டு எழுந்தன.

முதுகுப்பக்கம் சேற்றில் கால் வைக்கும் சத்தம் கேட்டது. சுகந்தி அக்கா கூடையோடும் கொக்கியோடும் வந்து, ஏதோ கேட்க வாயெடுத்தார். கண் காம்புகள் உள்ளே போகத் தொடங்கின.

“அக்கா,” என்றேன், திரும்பாமல். “நிழல்.”

அவர் ஒதுங்கி நின்றார்.